வெய்யிலுக்கு ஏற்ற மரம், வீட்டுக்கு ஏற்ற செடி

பகல் இரண்டு மணிக்குத் தகரக் கூரையின் கீழே குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவர்களுக்கு வெய்யிலைப் பற்றி நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. பால் வெட்டப் போகிறவர்கள் விடியற்காலையில் மர நிழலுக்குள் போய்விடுகிறார்கள். வெய்யில் ஏறிய பிறகு வீட்டுக்கு வருகிறார்கள். கணக்குப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தோட்டம் முழுவதும் மரம். வெய்யில் நேரத்தில் நாம் இருக்கும் இடத்தில் மாத்திரம் மரம் இல்லை. லயத்துக்கு முன்னால் சிமெண்டு, பின்னால் சாக்கடை, நடுவே வெடித்த செம்மண். இப்படிப்பட்ட வாசலில் எந்த மரத்தை வைப்பது, எந்தச் செடியை வைப்பது என்பது அழகுக்காகக் கேட்கும் கேள்வியன்று. கைக்குழந்தையின் தூக்கமும், வயதான தாயின் மூச்சும், இரவுவேலை முடித்துப் பகலில் கண்ணயரும் மனிதனின் ஓய்வும் அதில் அடங்கியிருக்கின்றன.

இதற்கு விடை தேடி நாம் இன்று சிங்கப்பூருக்குப் போய் வருவோம். சிங்கப்பூர் பாலைவனமன்று; ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற தீவு. ஆனாலும் சிமெண்டும் தாரும் நிறைந்த நகரத்துக்குள் பாலைவனத்தைப் போன்ற இடங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. மொட்டை மாடி, வாகனம் நிறுத்தும் திடல், பாதசாரிகள் ஏறிக் கடக்கும் மேம்பாலம், மேற்கு வெய்யில் படும் சுவர் ஆகியவையெல்லாம் அப்படிப்பட்டவையே. அந்த இடங்களில் எதை நட்டால் பிழைக்கும் என்று அந்த ஊர் அறுபது ஆண்டுகளாகப் பரீட்சை செய்து பார்த்திருக்கிறது. தேறியதும் உண்டு, தவறியதும் உண்டு. இரண்டும் நமக்குப் பாடமே.

உங்களில் பலர் தேக்காவுக்குப் போயிருப்பீர்கள். சிராங்கூன் சாலை முனையில் இருக்கும் அந்தச் சந்தைக்குத் தேக்கா என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? தேக்கு மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிறுமூங்கில் அடி என்ற பொருளுடைய ஹொக்கியன் சீனச் சொல்லிலிருந்து வந்தது அது. பக்கத்தில் ஓடும் ரொச்சோர் கால்வாய் ஓரத்தில் ஒரு காலத்தில் மூங்கில் வளர்ந்து கிடந்ததாம். அடுத்த தெரு பஃபலோ ரோடு. எருமை மாடு கட்டிய இடம். தண்ணீரும் மூங்கிலும் மேய்ச்சலும் இருந்த அந்த இடத்தில் இன்று கடைகளும் வாகனங்களுமாக இருக்கின்றன. மாவிலையும் வாழை இலையும் கறிவேப்பிலையும் கட்டுக்கட்டாக விற்பனைக்கு வருகின்றன. மரத்தைத்தான் தேட வேண்டும். நண்பகலில் அந்தத் தெருவைக் கடக்கும் யாரும் அஞ்சடியின் நிழலுக்குள் ஒதுங்கித்தான் நடப்பார்கள்.

மரம் இல்லாத இடம் எவ்வளவு சூடாகும் என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக் கழக ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன் இரவு நேரத்தில் பல இடங்களில் வெப்பத்தைக் குறித்தார்கள். மரம் அடர்ந்த புறப்பகுதிக்கும் கட்டிடம் நெருங்கிய நகர மையத்துக்கும் சுமார் 4 டிகிரி வரை வித்தியாசம் இருந்தது. பகலில் சுவரும் தாரும் குடித்த சூட்டை இரவில் கக்குகின்றன; அதனால்தான் பொழுது சாய்ந்தும் வீடு ஆறுவதில்லை. மரமோ இரண்டு வகையில் உதவுகிறது. வெய்யில் சுவரில் விழாமல் தடுக்கிறது. வேர் உறிஞ்சிய நீரை இலை வழியாக ஆவியாக்கி, சுற்றிலும் உள்ள காற்றைக் குளிர வைக்கிறது. மண்பானை வேர்த்துத் தண்ணீரைக் குளிர வைக்கிறதல்லவா, அதே வித்தைதான்.

இனி அவர்கள் நட்ட கதைக்கு வருவோம். 1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி அப்போதைய பிரதமர் லீ குவான் யூ ஃபேரர் சர்க்கஸ் என்ற இடத்தில் மெம்பாட் மரக்கன்று ஒன்றை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1967இல் சிங்கப்பூரைத் தோட்ட நகரமாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டு முடிவதற்குள் 55,000க்கும் அதிகமான மரங்கள் நடப்பட்டுவிட்டன. 1971 நவம்பர் 7ஆம் தேதி முதலாவது மரம் நடும் நாள் கொண்டாடப்பட்டது. பிரதமரின் பொறுப்பில் இருந்த டாக்டர் கோ கெங் சுவீ ஃபேபர் மலை உச்சியில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தை நட்டார். நவம்பரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? மழை தொடங்கும் மாதம். நட்ட கன்றுக்கு ஆள் வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலையை வானம் பார்த்துக்கொள்ளும். நம் ஐப்பசி, கார்த்திகைக் கணக்கும் அதுதான்.

ஆரம்பத்தில் ஒரு சங்கடமும் இருந்தது. பெரியவர்கள் வந்து நட்டுவிட்டுப் போவார்கள், படம் எடுப்பார்கள், அடுத்த மாதம் கன்று பட்டுப்போய் நிற்கும். ஆகவே நட்ட பிறகு மரங்களைக் கவனிப்பதற்கென்றே ஒரு துறையை அமைத்தார்கள். சிங்கப்பூர் செய்த காரியங்களில் நாங்கள் மிகவும் மெச்சுவது இதைத்தான். நடுவதற்கு ஒரு நாள் போதும். மூன்று வருடம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

நிழல் அவசரமாகத் தேவைப்பட்டதால் அவர்கள் அங்சானா மரத்தை நிறைய நட்டார்கள். நம் நாட்டு வேங்கை மரத்துக்கு நெருங்கிய உறவு. மஞ்சள் பூப் பூக்கும், குடைபோலப் படரும். அதன் விசேஷம் என்னவென்றால், ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட பெரிய கிளையை வெட்டி நட்டாலே வேர் பிடித்துக்கொள்ளும். முருங்கைக் கொம்பை நடுவதுபோலத்தான். நேற்று வெறும் தெரு, இன்று மரம் நிற்கும் தெரு! ஆனால் ஒரே வகை மரத்தை வரிசையாக வைத்தால் என்ன நேரும் என்பதும் பின்னால் தெரிந்தது. அங்சானாவைத் தாக்கும் வாடல் நோய் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மலாக்காவிலும் பினாங்கிலும் அந்த மரங்களை அது அழித்திருக்கிறது. 1980களில் சிங்கப்பூரிலும் தலைகாட்டியது. இடி விழுந்த மரத்தில் பூஞ்சக் கிருமி புகுந்து, பக்கத்து மரங்களுக்கும் பரவியது. நோய் கண்ட மரங்களை வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று. இதற்கும் முன்னால், 1850களில், சிங்கப்பூரில் எல்லாரும் ஜாதிக்காய்த் தோட்டம் போட்டு, நோய் வந்து எல்லாரும் நட்டப்பட்ட கதையும் உண்டு. ஆர்ச்சர்ட் சாலையின் பெயரில் மாத்திரமே அந்தத் தோட்டங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஆகவே லயத்துக் குடும்பங்கள் சேர்ந்து நடுவதானால், ஒரு வீட்டார் மா வைத்தால் அடுத்த வீட்டார் வேம்பு வைக்கட்டும்.

தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாங்கி விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் சாலையில் இருபுறமும் கை கோத்து நிற்பவை பெரும்பாலும் அவைதாம். தென் அமெரிக்காவிலிருந்து 1876இல் சிங்கப்பூருக்கு வந்த மரம். சாயங்காலமானால் இலைகளை மடித்துக்கொள்ளும். அதனால் மலாய்க்காரர்கள் ஐந்து மணி மரம் என்பார்கள். மழைக்கு மூட்டம் போட்டாலும் மடித்துக்கொள்ளும். மழைநீர் தடையின்றி அடியில் விழுவதால் கீழே உள்ள புல் பச்சையாகவே இருக்கும். நிழலுக்கு இதைவிடச் சிறந்த மரம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரு கண்டிப்பான வார்த்தை: இதை லயத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். தலை நூறு அடி வரை படரும்; வேரும் சளைத்ததன்று. பள்ளிக்கூடத் திடல், கோயில் மைதானம், பந்து விளையாடும் இடத்தின் ஓரம் ஆகியவையே அதற்குப் பொருத்தம்.

இந்த விஷயத்தில் நாங்களே சூடுபட்டவர்கள். முன்பு குடியிருந்த வீட்டில், பளபளவென்று இலை இருக்கிறதே என்று ஆசைப்பட்டு, ஆல் அரசு இனத்தைச் சேர்ந்த ஒரு கன்றைச் சுவரிலிருந்து நாலு அடியில் நட்டோம். ஐந்து வருடம் ஊரார் கண்படும்படி வளர்ந்தது. ஆறாவது வருடம் குளியலறையில் தண்ணீர் போகவில்லை. குழாயைத் தோண்டினால் உள்ளே கூந்தல்போல வேர்! மரத்தையும் வெட்டி, குழாயையும் மாற்றி, சுவரின் வெடிப்பையும் பூசினோம். நிழலும் போயிற்று, சேமித்த காசும் போயிற்று. வேருக்குக் கண் இல்லை. ஈரம் இருக்கும் பக்கம் போகும். ஆகவே சாக்கடையையும் குழாயையும் பார்த்த பிறகே மரத்துக்கு இடம் பாருங்கள்.

எந்தப் பக்கம் நடுவது? சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. நம் தோட்டங்களும் அதிக தூரமில்லை. நண்பகல் வெய்யில் ஏறக்குறைய உச்சியில் இருப்பதால் அது கூரையைத்தான் சுடும். சுவரைச் சுடுவது காலை வெய்யிலும் பின்னேர வெய்யிலும். அதிலும் மேற்குச் சுவர் படுகிற பாடு அதிகம். அதனால்தான் சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளைக் கட்டுகிறவர்கள் கூடுமானவரை நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும்படி அமைக்கிறார்கள். கட்டி முடிந்த லயத்தை நம்மால் திருப்பி வைக்க முடியாது. ஆகவே மரத்தை மேற்குப் பக்கம் வையுங்கள். பப்பாளி, முருங்கை போன்றவை சுவரிலிருந்து பத்து அடி தள்ளியிருந்தால் போதும். மாவும் வேம்பும் இருபது அடியாவது தள்ளி நிற்க வேண்டும். தென்னையை நடைபாதையிலிருந்தும் கூரையிலிருந்தும் விலக்கி வையுங்கள். ஏன் என்று கேட்க மாட்டீர்கள்.

இருபது அடி இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் பந்தல் போடலாம். மேற்குச் சுவருக்கு வெளியே நாலு கம்பு நட்டு, கம்பி இழுத்து, அவரை, புடல், பீர்க்கு, பாகல் எதையாவது ஏற்றி விடுங்கள். இரண்டு மாதத்தில் சுவருக்கு நிழல், சட்டிக்குக் காய். மரம் வளர்கிற வரைக்கும் இதைவிட மலிவான குடை கிடையாது.

இப்பொழுது சிங்கப்பூரின் மேம்பாலங்களைப் பாருங்கள். சாலைக்கு மேலே, சிமெண்டுத் தொட்டியில், கைப்பிடி மண்ணில், ஓயாத வெய்யிலில் செக்கச்செவேல் என்று பூத்துக் குலுங்குவது காகிதப்பூ, அதாவது போகன்வில்லா. மலாய்க்காரர்களும் காகிதப்பூ என்ற பொருளில் புங்கா கெர்த்தாஸ் என்கிறார்கள். இவ்வளவு கஷ்டமான இடத்தில் இது எப்படிப் பூக்கிறது? கஷ்டம் இருப்பதால்தான் பூக்கிறது. தண்ணீரும் உரமும் தாராளமாகக் கொடுத்தால் இலையும் முள்ளுமாக மதர்த்துப் போகும்; மண் சற்றுக் காயவிட்டால் பூவாகக் கொட்டும். எங்களுக்கு வரும் கடிதங்களில் "தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் பூக்கவில்லை" என்று வருத்தப்படும் அம்மாமார்கள் இருக்கிறார்கள். அம்மா, ஒரு வேளையை நிறுத்திப் பாருங்கள்.

தண்ணீர் அதிகமானால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே வேறொரு சாட்சி உண்டு. மரினா கடலோரத்தில் 2012இல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டத்தில் கள்ளி வகைகளுக்கும் மற்றப் பாலைவனச் செடிகளுக்கும் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குக் கூரை போட்டிருக்கிறார்கள். வெய்யிலுக்காக அன்று, மழைக்காக! பாலைவனச் செடி நம் பக்கத்தில் சாவது சூட்டினால் அன்று, வேர் அழுகித்தான். சீனப் புத்தாண்டுக்குச் சிங்கப்பூரார் விரும்பி வாங்கும் பாலைவன ரோஜாவும் அப்படித்தான். அடி பருத்து, அதில் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும் செடி. தொட்டியில் பாதி மணல் கலந்து, மழைச்சாரல் படாத, ஆனால் வெய்யில் படும் இடத்தில் வைத்தால் பிழைக்கும். அதன் பால் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம். சோற்றுக் கற்றாழையை வையுங்கள். அதுவும் அதே வெய்யிலைத் தாங்கும்.

உண்மையான பாலைவனத்தில் நம் மரம் ஒன்று பெயர் வாங்கியிருப்பதையும் சொல்லிவிடுகிறோம். சவூதி அரேபியாவில் மக்காவை அடுத்த அரஃபாத் வெளியில் ஹஜ் யாத்திரிகர்களின் நிழலுக்காகச் சுமார் 50,000 வேப்பமரங்களை நட்டிருக்கிறார்கள். நம் மாரியம்மன் கோயில் வாசலில் நிற்கிற அதே வேம்பு! கடும் வெய்யிலையும் ஏழை மண்ணையும் தாங்கும். தாங்காதது ஒன்றே ஒன்று, அடியில் தேங்கும் தண்ணீர். பள்ளத்தில் நடாமல் மேட்டில் நட வேண்டும்.

எதையும் தாங்கும் மரம் எல்லாம் நல்ல மரம் என்று நினைத்துவிடவும் கூடாது. 1877ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. 1888இல் அங்கே பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். பைத்தியக்கார ரிட்லி என்று அன்று கேலி செய்தார்கள். அந்த மரம் பிடித்துக்கொண்டதால்தான் நம் பாட்டனாரும் பாட்டியும் கப்பல் ஏறினார்கள். அதே 1877இல்தான் இந்தியாவுக்குள் சீமைக் கருவேலமும் நுழைந்தது. பின்னாளில் இராமநாதபுரம் வட்டாரத்தில் விறகுக்கும் வேலிக்கும் என்று பரப்பினார்கள். தண்ணீரே இல்லாமல் வளர்ந்தது. ஏழைகளுக்குக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்க வழியும் தந்தது. ஆனால் கண்மாயிலும் புஞ்செய்யிலும் புகுந்து மற்ற எதையும் வளரவிடாமல் அடைத்துக்கொண்டது. 2017இல் உயர் நீதிமன்றம் அகற்றச் சொல்லி உத்தரவிடும் அளவுக்கு விஷயம் முற்றியது. ஊரிலிருந்து வருகிறவர்கள் யாராவது, வெய்யில் தாங்கும் மரம் என்று அதன் விதையைக் கொடுத்தால், நன்றி சொல்லி அடுப்பில் போடுங்கள்.

தொட்டிச் செடி வைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் வீட்டு வாசல் நடையில் துளசியும் கறிவேப்பிலையும் வைக்காத தமிழ்க் குடும்பம் குறைவு. அங்கே ஒரு விதி: தீப்பிடித்தால் ஓடுவதற்கு நடையில் 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும். லயத்து அஞ்சடியிலும் அந்தக் கணக்கை வைத்துக்கொள்வது நல்லது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வெய்யிலில் கொதித்து வேரை வேகவைக்கும், மண்தொட்டி மேல். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நிற்கவே கூடாது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டுத்தான் பிரசவ அறை. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரமே ஆகும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், ஆகவே தேய்த்துக் கழுவ வேண்டும். சிங்கப்பூரில் வீட்டுக்கு வந்து சோதித்து அபராதம் போடுகிறார்கள். நம்மிடம் யாரும் வரமாட்டார்கள், காய்ச்சல்தான் வரும்.

நடும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இரண்டடி அகலக் குழி. மேல்மண்ணைத் தனியே வைத்து, மக்கிய எருவோடு கலந்து முதலில் போடுங்கள். கன்று முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நில்லட்டும். சுற்றிலும் பாத்தி கட்டி, காய்ந்த இலைகளைப் பரப்பி மூடுங்கள். இலை தண்டைத் தொட வேண்டாம். ஆட்டுக்கும் கோழிக்கும் தப்ப மூங்கில் கூண்டு. முதல் வெய்யில் காலத்தில் தினமும் ஒரு குவளை தெளிப்பதைவிட, மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு வாளி ஊற்றுவது நல்லது. வேர் ஆழத்துக்குப் போகும். அரிசி கழுவிய நீரை வீணாக்காதீர்கள்.

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதை நாங்கள் தவிர்க்க விரும்பவில்லை. "நிலம் தோட்டத்துடையது. நாளைக்கு விற்றுவிட்டால் எங்களை எழுப்பிவிடுவார்கள். பத்து வருடம் கழித்து நிழல் தரும் மரத்தை யாருக்காக நடுவது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முதலில் நிருவாகத்திடம் சொல்லி அனுமதி பெற்றே நடுங்கள். பின்னால் வெட்டிப்போட்டார்கள் என்ற வருத்தம் இராது. பிறகு, சீக்கிரம் பலன் தருவதாகப் பாருங்கள். பப்பாளி ஒரு வருடத்துக்குள் காய்க்கும். முருங்கை ஆறேழு மாதத்தில் கீரை தரும், வெய்யிலுக்கு அஞ்சாது, மெல்லிய நிழலும் உண்டு; கிளை முறியும் மரம், பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு போவான் என்று பழமொழி சொல்லிப் பயமுறுத்துவார்கள். கீரை தின்றவன் கிழவனானாலும் கோலூன்றாமல் வெறுங்கையை வீசி நடப்பான் என்று பெரியவர்கள் அதற்குப் பொருள் சொல்வதுண்டு.

வீடு மாற நேர்ந்தால் மணிக்கட்டுப் பருமனில் ஒரு முருங்கைக் கொம்பை மூன்றடி நீளத்துக்கு வெட்டிச் சாக்கில் சுற்றி எடுத்துப் போங்கள். போகிற இடத்தில் ஒரு முழம் மண் இருந்தால் அது தழைக்கும். போவது அடுக்குமாடியாக இருந்தால், கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கிளைத்து நிற்கும் சிறு கன்று ஒன்றை மழை நாளில் வேரோடு எடுத்துத் தொட்டியில் வையுங்கள். தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா என்று மாத்திரம் பார்த்துக்கொள்ளுங்கள்.